டிசைன் புராஜெக்டுக்கு ஆய்வு: எதைக் கேட்பது, எப்படிப் போவது

சேலம், ஏற்காடு பக்கம் கட்டிடக்கலை, ஃபேஷன், புராடக்ட் டிசைன், மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் கடைசி வருட புராஜெக்ட் நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்கள் எல்லாம் நம் ஊர்த் தொழில்களில் இருந்து: கொலுசு, ஜவ்வரிசி, தறி, காப்பித் தோட்டம், பஸ் நிலையம். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

தலைப்பு ஓகே ஆகிவிட்டது. முதலில் சர்வேயா, இன்டர்வியூவா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இந்த புராஜெக்டில் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகளை எழுதுங்கள். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர்களுக்கு ஒரு பை செய்வதாக வைத்துக்கொள்வோம். பாரம் தோளில் தொங்குமா, இடுப்பில் நிற்குமா, முதுகில் ஏறுமா? எத்தனை கிலோ சேர்ந்ததும் போய்க் கொட்டுவார்கள்? பையின் வாய் எவ்வளவு அகலம்? சரிவில் நின்று ஒரு கையால் கிளையை வளைத்து மறு கையால் பறிக்கும்போது பை எந்தப் பக்கம் இருந்தால் வசதி? மழையில் நனைந்தால் எவ்வளவு கனக்கும்? காசு கொடுத்து வாங்கப்போவது எஸ்டேட்டா, பறிக்கிறவரா?

ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே, அதை எடுக்க விடாமல் தடுக்கும் தெரியாத விஷயம் எது என்று எழுதுங்கள். உங்கள் ஆய்வு அங்கேதான் இருக்கிறது. எடை, தராசு வைத்து அளக்கிற விஷயம். கையும் பையும் எப்படி இருக்கின்றன என்பது பக்கத்தில் நின்று பார்க்கிற விஷயம். யார் காசு கொடுப்பார் என்பது மேனேஜரிடமும் மேஸ்திரியிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுகிற விஷயம். மழையில் கனப்பதை நீங்களே ஒரு வாளித் தண்ணீரில் துணியை முக்கிப் பார்த்துக்கொள்ளலாம். இதுவரை சர்வே என்ற பேச்சே வரவில்லை, கவனித்தீர்களா? எது தெரியவில்லை என்பது தெளிவாகிவிட்டால், எப்படித் தெரிந்துகொள்வது என்பது பெரும்பாலும் தானே வந்து நிற்கும்.

அப்புறம் ஒரு சோதனை. விடை இப்படி வந்தாலும் அப்படி வந்தாலும் உங்கள் வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறாது என்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். வயது என்ன, படிப்பு என்ன, மாத வருமானம் என்ன என்று ஆரம்பிக்கும் படிவங்களில் பாதி இந்தச் சோதனையிலேயே காலியாகிவிடும்.

ஆய்வுக் கேள்வியும், ஆட்களிடம் கேட்கும் கேள்வியும் ஒன்றுதானே?

இல்லை. அதிகம் பேர் சறுக்குகிற இடம் இதுதான்.

ஆய்வுக் கேள்வி நீங்கள் உங்களுக்கே போட்டுக்கொள்வது. செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ ஒரு கொலுசுப் பட்டறையை எடுத்துக்கொண்டால், "பற்றவைக்கும் வேலையில் கழுத்து எந்தக் கட்டத்தில் அதிகம் குனிகிறது? அந்தக் குனிவு வேலைக்குத் தேவைப்படுகிறதா, அல்லது வெளிச்சமும் உட்காரும் மணையின் உயரமும் சரியில்லாததால் வருகிறதா?" என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. இதை அப்படியே ஒரு அக்காவிடம் போய்க் கேட்டால் அவர் என்ன சொல்வார்? "பழகிடுச்சுப்பா" என்பார். நீங்களும் குறித்துக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

அவரிடம் கேட்க வேண்டியது வேறு. "நேத்து காலையில உட்கார்ந்ததுல இருந்து என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்கக்கா." "நடுவுல எப்போ எழுந்தீங்க?" "எதுக்கு எழுந்தீங்க?" "கரண்ட் போனா எந்த வேலைய நிறுத்துவீங்க, எத நிறுத்த மாட்டீங்க?" இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே வெளிச்சத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். கழுத்துவலி என்ற வார்த்தையை நீங்கள் எடுக்கவே வேண்டாம். அவராக எடுத்தால் அதற்குத் தனி மதிப்பு.

ஓர் ஆய்வுக் கேள்விக்கு நேரில் கேட்கும் கேள்விகள் ஐந்தாறு தேவைப்படும். சிலவற்றுக்கு ஒன்றுகூடத் தேவைப்படாது, பார்த்தாலே போதும்.

என் கேள்வி "ரொம்பப் பெருசு" என்று கைடு திருப்பி அனுப்புகிறார். எப்படிச் சுருக்குவது?

யார், எங்கே, எப்போது, என்ன செய்யும்போது. இந்த நான்கையும் கேள்விக்குள் கொண்டுவந்தால் தானாகச் சுருங்கும். "சேலம் புதிய பேருந்து நிலையத்தில் பயணிகள் படும் சிரமங்கள் என்ன?" என்பது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் தலைப்புதான். "பலகை படிக்க முடியாத ஒருவர் இரவு 9 மணிக்கு மேல் வெளியூர் பஸ்ஸில் இருந்து இறங்கி, தன் ஊருக்குப் போகும் டவுன் பஸ்ஸை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? எந்த இடத்தில், யாரிடம் கேட்கிறார்?" என்று எழுதிப் பாருங்கள். இப்போது எங்கே போய் நிற்க வேண்டும், எந்த நேரத்துக்கு, யாரைப் பார்க்க வேண்டும் என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது. அவர் டீக்கடைக்காரரிடம் கேட்கிறார், கண்டக்டரிடம் கேட்கிறார், யாரோ பூக்காரம்மாவிடம் கேட்கிறார் என்று தெரிந்தால், பலகையை எங்கே மாட்டுவது என்பதைவிட அந்த ஆட்கள் என்ன சொல்லி வழிகாட்டுகிறார்கள் என்பது முக்கியமாகிவிடும்.

இன்னொன்று: தீர்வைக் கேள்விக்குள் ஒளித்து வைக்காதீர்கள். "மொபைல் ஆப் நெசவாளர்களுக்கு எவ்வாறு உதவும்?" என்று கேட்டால் ஆப் வேண்டாம் என்ற விடைக்கு இடமே இல்லை. ஆப் செய்யவேண்டும் என்று கல்லூரியே சொல்லிவிட்டால் சரி, அதை ஒரு நிபந்தனையாக எழுதிவிட்டு, கேள்வியை வேறாக வையுங்கள்.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க டிசைனர் தம்பதி இந்திய அரசின் அழைப்பில் நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் தேசிய டிசைன் நிறுவனம் 1961-இல் வந்ததற்கு அடிப்படை அதுதான். அதில் சாதாரண லோட்டா செம்பை எடுத்துக்கொண்டு, அதை வடிவமைக்க வேண்டுமானால் என்னென்ன யோசிக்க வேண்டியிருக்கும் என்று பட்டியல் போடுவார்கள். எவ்வளவு கொள்ள வேண்டும், இடுப்பிலா தலையிலா கையிலா எடுத்துப் போவது, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கும், ஊற்றும்போது எப்படி வரும், உள்ளே கை விட்டுக் கழுவ முடியுமா, தட்டினால் என்ன சத்தம், என்ன விலை. கேள்வி எழுத வராமல் திணறும்போது உங்கள் பொருளுக்கும் இப்படி ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். அதிலிருந்து மூன்றையோ நான்கையோ எடுத்தால் ஒரு வருட புராஜெக்டுக்குத் தாராளம்.

கூகுள் ஃபார்மில் 200 பேர் பதில் கொடுத்திருக்கிறார்கள். அது போதாதா?

எந்த 200 பேர்? வகுப்பு வாட்ஸ்அப் குழு, அண்ணனின் ஆபீஸ் குழு, சித்தியின் அபார்ட்மென்ட் குழு. கொலுசைப் போடுகிறவர்கள் அதில் இருப்பார்கள், செய்கிறவர்கள் இருக்க மாட்டார்கள். எண்ணிக்கை கூடக் கூட இந்தக் கோளாறு குறையாது. ஒரே மாதிரி ஆட்களின் பதில் இன்னும் உறுதியாகத் தெரியும், அவ்வளவுதான்.

புள்ளியியல் பாடத்தில் 385 என்று ஓர் எண் வரும். 95 சதவீத நம்பகத்தில், கூடக் குறைய 5 சதவீதத்துக்குள் விடை வர வேண்டும் என்றால் அத்தனை பேர் வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு, மொத்த ஆட்களில் இருந்து குலுக்கல் முறையில் எடுத்திருந்தால் மட்டுமே செல்லும். லிங்க் கிடைத்தவர்கள் நிரப்பியதற்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டு அறிக்கையில் எழுதினால், வைவாவில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தாலே போதும், மாட்டிக்கொள்வீர்கள்.

சர்வேயே கூடாது என்று சொல்லவில்லை. என்னென்ன விடைகள் சாத்தியம் என்று முன்பே தெரிந்து, அதில் எது எவ்வளவு என்று மட்டும் தெரிய வேண்டியிருக்கும்போது அது நல்ல வழி. பத்துப் பட்டறைகளில் உட்கார்ந்து பேசி, வேலை நிற்பதற்கு நான்கு காரணங்கள் இருக்கின்றன என்று கண்டுபிடித்த பிறகு, அந்த நான்கில் எது அதிகம் என்று ஐம்பது பட்டறைகளில் கேட்கலாம். அதையும் ஃபார்ம் லிங்க்காக அனுப்பாமல் நேரில் போய் வாயால் கேட்டு நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து கட்டம் போட்டு "முற்றிலும் உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை டிக் செய்யச் சொல்கிறோமே, அதை ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் மனப்பான்மைகளை அளப்பதற்காகக் கொண்டுவந்தார். பழக்கத்தை அளக்க அது ஏற்றதில்லை. "நான் அடிக்கடி ஓய்வு எடுக்கிறேன்" என்ற வாக்கியத்துக்கு எதிரே டிக் வாங்குவதைவிட, நேற்று எத்தனை முறை எழுந்தீர்கள் என்று கேட்பது எவ்வளவோ மேல். ஒரே வாக்கியத்தில் இரண்டு விஷயத்தைத் திணிக்கவும் வேண்டாம். "இருக்கை வசதியாகவும் விலை குறைவாகவும் உள்ளது" என்பதற்கு, வசதி உண்டு, விலை அதிகம் என்று நினைக்கிறவர் எங்கே டிக் போடுவார்?

அப்படியானால் எத்தனை பேர்? ஐந்து பேர் போதும் என்கிறார்களே.

அந்த ஐந்துக்கு ஒரு கதை இருக்கிறது. ஜேக்கப் நீல்சனும் டாம் லாண்டவரும் 1993-இல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஒருவர் ஒரு சாஃப்ட்வேரைப் பயன்படுத்திப் பார்க்கும்போது அதிலுள்ள குறைகளில் சராசரியாக 31 சதவீதம் வெளிப்படும் என்று வைத்தால், ஐந்து பேர் பார்க்கும்போது ஏறத்தாழ 85 சதவீதம் வெளிவந்துவிடும். அது சராசரிதான், உங்கள் பொருளுக்கு அதே 31 இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. தவிர, செய்து முடித்த ஒன்றைச் சோதிப்பதற்கான கணக்கு அது. இன்னும் ஒன்றுமே செய்யாமல், பிரச்சினை என்னவென்று தேடும் நேரத்துக்கு அது பொருந்தாது.

தேடும் நேரத்தில் தலையை எண்ணுவதைவிட, எந்தெந்த மாதிரி ஆட்கள் என்று பாருங்கள். ஜவ்வரிசியை எடுத்துக்கொண்டால், அதற்கு மூலப்பொருளான மரவள்ளிக் கிழங்கின் விலை மாவுச்சத்து பாயிண்ட் கணக்கில் போடப்படுகிறது. அந்தப் பாயிண்ட் அளக்கும் இடத்துக்கு ஒரு காட்சிப் பலகை வடிவமைக்கிறீர்கள் என்றால் விவசாயி, மில்லில் அளக்கிறவர், லாரி டிரைவர், நடுவில் இருக்கும் வியாபாரி, மில் உரிமையாளர் என்று ஐந்து வகை ஆட்கள். ஐந்து விவசாயிகளைப் பார்த்துவிட்டு ஐந்து பேர் ஆயிற்று என்று எழுதினால் மற்ற நான்கு பக்கமும் இருட்டு.

வகைக்கு மூன்று நான்கு பேர் என்று ஆரம்பியுங்கள். புதிதாக ஒன்றும் வராமல், அடுத்தவர் என்ன சொல்வார் என்று முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தால் அந்த வகையை நிறுத்தலாம். தொழிலை விட்டுப் போனவர் ஒருவரையாவது பாருங்கள் என்பது என் பிடிவாதம். தறியை விற்றுவிட்டு ஆட்டோ ஓட்டுகிறவர் எந்தத் தயக்கமும் இல்லாமல் பேசுவார்; தறியில் எது தாங்க முடியாமல் போனது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நேரில் போய்ப் "பார்ப்பது" என்றால் எதைப் பார்ப்பது? சும்மா நின்றால் ஒன்றும் தெரியவில்லையே.

சும்மா நின்றால் தெரியாதுதான். ஹியூ பேயர், கேரன் ஹோல்ட்ஸ்பிளாட் இருவரும் 1990-களில் பிரபலப்படுத்திய ஒரு முறை உண்டு. வேலை செய்கிறவரைக் குருவாகவும் உங்களை அவரிடம் தொழில் கற்க வந்தவராகவும் வைத்துக்கொண்டு, வேலை நடக்கும் இடத்திலேயே உட்கார்ந்து, பார்த்து, நடுநடுவே கேட்பது. நம் பட்டறைகளுக்கு இது புதிதல்ல, அங்கே எல்லோரும் தொழில் பழகியதே அப்படித்தான். அதனால் "கத்துக்க வந்திருக்கேன்" என்று சொன்னால் மரியாதையாக இடம் கிடைக்கும். "ஆய்வு செய்ய வந்திருக்கேன்" என்றால் எந்த ஆபீஸில் இருந்து என்ற சந்தேகம்தான் முதலில் வரும்.

பார்க்க வேண்டியவற்றில் முதலாவது, அவர்களே செய்துகொண்ட ஒட்டுவேலைகள். மேஜைக்காலுக்கு அடியில் வைத்த செங்கல், கைப்பிடியில் சுற்றிய சைக்கிள் டியூப், சுவரில் சாக்பீஸ் கோடு, குழித்தறியின் ஓரத்தில் தொங்கும் பழைய துணிப்பை. வாயில் வராத பிரச்சினையை அந்த ஒட்டுவேலை காட்டிக்கொடுக்கும். ஒவ்வொன்றையும் பார்த்து, "இது எதுக்குண்ணா?" என்று கேட்டால் போதும். இரண்டாவது, கை காத்திருக்கும் நேரம். ஜவ்வரிசி மில்லில் களத்தில் காயப்போட்ட பிறகு ஆட்கள் என்ன செய்கிறார்கள்? வானத்தைப் பார்க்கிறார்களா, திருப்பிவிடுகிறார்களா, மேகம் வந்தால் யார் முதலில் ஓடுகிறார், வாரிச் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகிறது? களத்துக்கு மூடும் விரிப்பு வடிவமைக்கிறவருக்கு மொத்த புராஜெக்டும் அந்தச் சில நிமிடத்தில் இருக்கிறது.

மூன்றாவது, சொன்னதும் செய்வதும் பிரியும் இடம். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பற்றவைப்போம் என்பார், கண்ணாடி ஆணியில் தொங்கும். அங்கேயே "பொய் சொல்றீங்களே" என்ற முகத்தைக் காட்டாதீர்கள். கண்ணாடியை எப்போது கடைசியாகப் போட்டார், எப்போது கழற்றினார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் வியர்வையா, பார்வை மறைக்கிறதா, கனமா என்று வெளிவரும்.

போட்டோ எடுப்பதோடு நிறுத்தாமல் கையால் வரையுங்கள். வரையும்போதுதான் அந்த மணை தரையில் இருந்து எத்தனை அங்குலம் என்ற சந்தேகமே வரும்.

எந்த மாதம் போகலாம்?

வழிமுறைப் புத்தகங்கள் இதை அதிகம் பேசுவதில்லை. ஆனால் சேலம் மாவட்டத்தில் பாதி புராஜெக்டுகளின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது நாட்காட்டிதான். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் சூடுபிடித்து ஜனவரி வாக்கில் முடிகிறது. அராபிகா என்பதால் பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். ஒரே செடிக்குப் பல சுற்று வருவார்கள். அதற்குப் பின்னாலேயே மிளகு. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடிக்கு ஏணி வைத்து ஏறுவார்கள். கோடை விழாவுக்குக் கூட்டத்தோடு கூட்டமாக மே மாதம் மேலே போனால் குளிர்ந்த காற்று கிடைக்கும், பறிப்பைப் பார்க்க முடியாது. உங்கள் தலைப்பு ஜனவரியில் உறுதியானது என்றால் பறிப்பு ஏறக்குறைய முடிந்துபோயிருக்கும்.

அப்படியானால் தலைப்பை விட்டுவிட வேண்டுமா? தேவையில்லை, வழியை மாற்றிக்கொள்ள வேண்டும். ஜான் ஃப்ளானகன் 1954-இல் எழுதி வைத்த ஒரு முறை இருக்கிறது. விமானப்படை வேலைகளை ஆராய்ந்ததில் இருந்து உருவானது. பொதுவாக எப்படி இருக்கும் என்று கேட்காமல், குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்வது: "போன சீசன்ல பை கீழ விழுந்து பழம் கொட்டின ஒரு நாளச் சொல்லுங்க. எங்க நின்னீங்க? கூட யாரு இருந்தாங்க? அப்புறம் என்ன செஞ்சீங்க?" சம்பவமாகக் கேட்டால் ஞாபகம் ஓரளவு நேர்மையாக வேலை செய்யும். அதோடு, பழைய பையில் பழத்தின் எடைக்கு ஏதாவது போட்டு அதே சரிவில் நடந்து காட்டச் சொல்லலாம். முழுதாக நம்ப முடியாது. ஆனால் கால் எங்கே வைக்கிறார்கள், பை எங்கே இடிக்கிறது என்பது தெரியும். அறிக்கையில் "பறிப்புக் காலத்தில் பார்க்கப்படவில்லை, நடித்துக் காட்டியதை வைத்து எழுதியது" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

ஜவ்வரிசிக்கு வெயிலும் வேண்டும், கிழங்கு வரத்தும் வேண்டும். மாம்பழ மண்டி என்றால் கோடை. கொலுசுக்கும் பட்டுக்கும் முகூர்த்த மாதங்களை ஒட்டி வேலை நெருக்கும். அப்போது போனால் வேலை முழு வேகத்தில் தெரியும், பேச மட்டும் நேரம் தரமாட்டார்கள். ஆடியில் போனால் பேச நேரம் தருவார்கள். இரண்டு முறையும் போக முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தை வைத்து நகர வடிவமைப்பு செய்கிறவருக்கு ஆடியை விட்டால் அடுத்த வருடம்தான்.

எஸ்டேட் வேலை காலையிலேயே தொடங்கிவிடும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ச் சேர்வதற்குள் முதல் கூடை நிறைந்திருக்கும். முந்தின நாளே போய்த் தங்குங்கள்.

என்ன கேட்டாலும் "நல்லாத்தாங்க இருக்கு" என்கிறார்கள். உண்மையை எப்படி வாங்குவது?

வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அதிலும் நீங்கள் செய்த மாதிரியை நீங்களே நீட்டிக் கேட்டால் நிச்சயம் "சூப்பரா இருக்குப்பா"தான். அதனால் கருத்துக் கேட்பதைக் குறைத்து, நடந்ததைக் கேளுங்கள். "இப்படி ஒரு நாற்காலி வந்தா வாங்குவீங்களா?" என்பது வீண் கேள்வி. "கடைசியா பட்டறைக்குன்னு காசு போட்டு என்ன வாங்குனீங்க? யாரக் கேட்டு வாங்குனீங்க? எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டால் அவர் எதற்குக் காசு எடுப்பார், எதற்கு எடுக்க மாட்டார் என்று தெரியும்.

முதலாளி பக்கத்தில் நிற்கும்போது கூலி ஆளிடம் கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது முதலாளியின் பதில். மாமியார் கேட்டுக்கொண்டிருக்கும்போது மருமகளிடம் கேட்டாலும் அதே கதைதான். டீ நேரம், வேலை முடிந்து நடக்கும் நேரம், இவைதான் பேசும் நேரம்.

மொழியையும் பாருங்கள். சேலத்து நெசவாளர் வீடுகளில் பலர் வீட்டுக்குள் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். உங்களிடம் தமிழில் நன்றாகவே பேசுவார்கள். ஆனால் தறியின் ஒவ்வொரு உறுப்புக்கும் தங்களுக்குள் வேறு பெயர் வைத்திருக்கலாம். அந்த வார்த்தைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "எர்கனாமிக்ஸ்", "யூசர்" எல்லாம் கல்லூரி வாசலோடு நிற்கட்டும்.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கப் பழகுங்கள். பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் கொஞ்சம் பொறுத்தால், உண்மையான பதில் இரண்டாவது வாக்கியத்தில் வரும்.

பட்டறைக்குள் விடவே மாட்டேன் என்கிறார்கள்.

அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. புது கொலுசு டிசைன் ஒரு போட்டோவில் வெளியே போனால் அடுத்த வாரம் பக்கத்துக் கடையில் தொங்கும். கல்லூரிக் கடிதத்தோடு போங்கள், போனைப் பையிலேயே வையுங்கள், எதை வரைகிறீர்கள் என்று அவ்வப்போது காட்டுங்கள். முதல் நாள் ஒன்றுமே கேட்காமல் திரும்பி வந்தாலும் பரவாயில்லை.

அப்படியும் கதவு திறக்கவில்லை என்றால் சுற்றி வாருங்கள். பட்டறைக் கருவி விற்கும் கடைக்காரர், பழுது பார்க்கிறவர், வீட்டில் வைத்துக் கோக்கும் வேலை செய்கிற பெண்கள், ஓய்வு பெற்ற மேஸ்திரி. இவர்கள் பல பட்டறைகளை அறிந்தவர்கள். கைத்தறி என்றால் 1960-இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் சேலத்திலேயே இருக்கிறது. மரவள்ளிக்கு ஏத்தாப்பூரிலும், மலைப்பயிர்களுக்கு ஏற்காட்டிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. போவதற்கு முன் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று எழுதி அனுப்பினால் மதித்துப் பேசுவார்கள்.

எல்லாவற்றுக்கும் களத்துக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். இருக்கை உயரம், கை எட்டும் தூரம் போன்றவற்றுக்கு ஆறு பேரை அளந்து சராசரி போடுவது வெட்டி வேலை. இந்தியர்களின் உடல் அளவுகளைத் தேசிய டிசைன் நிறுவனம் 1997-லேயே தொகுத்து வெளியிட்டிருக்கிறது. கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். அதிலும் சராசரியை எடுக்காதீர்கள். எட்ட வேண்டிய இடத்துக்குக் குட்டையானவரின் அளவு, நுழைய வேண்டிய இடத்துக்குப் பெரியவரின் அளவு. அட்டவணையில் 5, 95 என்று சதமானம் (நூறு பேரில் ஐந்து பேர் எந்த அளவுக்குக் கீழே, 95 பேர் எந்த அளவுக்குக் கீழே என்பது) போட்டிருப்பது இதற்காகத்தான்.

பெர்சோனா கட்டாயமா?

பொருளைப் பயன்படுத்தப்போகிறவரைப் பெயர், வயதோடு ஒரு கற்பனை மனிதராக எழுதி வைப்பதுதான் பெர்சோனா. கைடு கேட்டால் போடுங்கள். பார்த்த ஆட்களில் இருந்து வந்ததாக இருக்கட்டும். இணையத்தில் எடுத்த சிரித்த முகத்துக்கு ஒரு பெயரும் வயதும் பொழுதுபோக்கும் எழுதி ஒட்டுவதால் ஒரு முடிவும் மாறாது.

பேசுகிறவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா? அனுமதி எழுதி வாங்க வேண்டுமா?

பீஸ் கணக்கிலோ எடைக் கணக்கிலோ கூலி வாங்குகிறவரின் ஒரு மணி நேரத்தை எடுத்தால் அந்த ஒரு மணி நேரக் கூலியைக் கொடுப்பதுதான் முறை. பதிலுக்கு விலை என்று ஆகாமல், உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: என்ன சொன்னாலும், பாதியில் நிறுத்தினாலும் இது உங்களுக்கு. சிலர் பணத்தை வாங்க மாட்டார்கள்; குழந்தைகளுக்குத் தின்பண்டம் வாங்கிப் போனால் சங்கடம் இல்லை.

அனுமதி என்றால் ஆங்கிலத்தில் இரண்டு பக்கப் படிவம் நீட்டி மிரட்டாதீர்கள். யார் நீங்கள், எதற்கு, போட்டோ எங்கே வரும், வேண்டாம் என்றால் யாரிடம் சொல்லலாம் என்பதைத் தமிழில் நான்கு வரியாகப் படித்துக் காட்டுங்கள். தனிநபர் தரவுக்கென்று 2023-இல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்திருக்கிறது; 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. முகமும் பெயரும் கதவு எண்ணும் உங்கள் அறிக்கைக்குத் தேவைப்படுவது அபூர்வம். கையையும் கருவியையும் மட்டும் எடுங்கள்.

மாதிரி செய்தாயிற்று. இனி என்ன ஆய்வு?

இப்போது கேள்வியே வேறு. "என்ன தேவை" முடிந்தது, "இது வேலை செய்கிறதா" என்பது மிச்சம். பழைய பொருளையும் புதியதையும் ஒரே ஆளிடம், ஒரே வேலைக்குக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பழையதை முதலில், மீதிப் பேருக்குப் புதியதை முதலில் கொடுங்கள். இல்லாவிட்டால் களைப்பும் பழக்கமும் விடையைக் கெடுக்கும். நாற்காலி, பை போன்றவற்றைப் பத்து நிமிடம் உட்கார்த்தி, மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை, அரை நாளாவது வேலையில் இருக்கட்டும்.

திரையில் ஓடும் பொருளாக இருந்தால், செய்யும்போதே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம் ஒன்று உண்டு, எஸ்.யு.எஸ். என்பார்கள். நூற்றுக்கு மதிப்பெண் வரும், 68 வாக்கில் சராசரி என்று கொள்வார்கள். அது சதவீதம் இல்லை என்பதை மறந்து "68% பேருக்குப் பிடித்தது" என்று எழுதுகிறவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். அதில் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறை வாக்கியம் வேறு. தமிழில் படித்துக் காட்டும்போது கேட்கிறவர் குழம்புகிறார். வாயால் கேட்கிற இடத்தில், எங்கே தடுமாறினார், எங்கே நம்மைத் திரும்பிப் பார்த்தார் என்று குறிப்பதே அதிகம் உதவும்.

ஆய்வில் வந்த விடை என் ஐடியாவுக்கு நேர் எதிராக இருக்கிறது. அடுத்த வாரம் ரிவ்யூ. என்ன செய்ய?

முதலில், விடை வந்திருக்கிறது என்பதே நல்ல செய்தி. நல்ல வெளிச்சமுள்ள மேஜை வேண்டும் என்று போனீர்கள். மேஜை வேண்டாம், தரையில் உட்கார்ந்தால்தான் கீழே சிந்தும் வெள்ளித்தூளைக் கூட்டி எடுக்க முடியும் என்று தெரிந்தது. மேஜையை வரைந்து காட்டிவிட்டுத் தூளைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் ரிவ்யூ தாண்டலாம். மாதிரியைக் கொண்டுபோய் வைக்கும் அன்று அது மூலையில் சாமான் வைக்கும் பலகையாகிவிடும்.

முதலில் எழுதிய அந்த முடிவுத் தாளை எடுங்கள். எந்த முடிவு மாறுகிறது, எது அப்படியே நிற்கிறது என்று இரண்டு நிறத்தில் குறியுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் மாறும். வெளிச்சம், முதுகுச் சாய்மானம் இரண்டும் தரை மட்டத்திலும் தேவைதானே? அந்தத் தாளையே ரிவ்யூவில் முதல் ஸ்லைடாகப் போட்டு, "இப்படி நினைத்தோம், இதைப் பார்த்தோம், இது மாறியது" என்று சொல்லுங்கள். எங்கே, எப்போது, யாரை, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதையும், யாரைப் பார்க்க முடியவில்லை என்பதையும் அதற்கு அடுத்த ஸ்லைடில் போடுங்கள். களத்தில் வரைந்த கோட்டோவியங்கள் பின்னிணைப்பில் போகட்டும், ஸ்கேன் செய்யும்போது தேதி தெரிகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.